நிலம் யார் பேரில்? காவிரிப் படுகைப் புனைகதையில் பெண்கள்

நீடாமங்கலத்துக்கு யமுனாம்பாள்புரம் என்றும் ஒரு பெயர் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் தேவி யமுனாம்பாள் பெயரில் இங்கே சத்திரம் எழுந்தது. இராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போவதற்காகத் தஞ்சை அரசர்கள் கட்டிய சத்திரங்களில் பல, அரண்மனைப் பெண்களின் பெயரைத் தாங்கியவை. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி அமைத்ததும் முக்தாம்பாள் சத்திரம்தான். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்புக்குப் பக்கத்து ஊருக்கு ஓர் அரசியின் பெயர் வாய்த்தது பெரிய கௌரவம்தான். ஆனால் ஊருக்குப் பெண்ணின் பெயரை வைப்பது ஒன்று; வயலின் பட்டாவில் அவள் பெயர் ஏறுவது வேறொன்று.

அதே பிரதாபசிம்மரின் அவையில் முத்துப்பழனி இருந்தார். தெலுங்கில் ராதிகா சாந்தவனம் எழுதிய கணிகை. பெண்ணின் விருப்பத்தைப் பெண்ணே வாய்விட்டுப் பேசுகிற காவியம் அது. விதவை மறுமணத்துக்காகப் போராடிய கந்துகூரி வீரேசலிங்கமே இதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் நூலை முழுமையாகப் பதிப்பித்தார்; 1911இல் அரசு அதன்மேல் பாய்ந்தது; தடை நீங்கியது சுதந்திரத்தை ஒட்டித்தான். இந்த நாகரத்தினம்மாள்தான் பிற்பாடு தன் சொந்தப் பணத்தில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை எழுப்பி, ஆராதனையில் பெண்களும் பாட இடம் வேண்டும் என்று மல்லுக்கு நின்றவர். அவரைச் சுலபமாக வெளியே தள்ள முடியாமல் போனதற்கு அவருடைய சங்கீதம் ஒரு காரணம் என்றால், அந்த இடத்தில் அவர் போட்ட காசு இன்னொரு காரணம்.

காவிரிப் படுகை தமிழ்ப் புனைகதைக்குக் கொடுத்த பெண்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ‘மோகமுள்’ யமுனாவின் அழகு, ‘அம்மா வந்தாள்’ அலங்காரத்தம்மாளின் மிடுக்கு, கு.ப. ராஜகோபாலன் பெண்களின் மௌனம் என்று விமர்சனம் சுற்றிச் சுற்றி வந்தது உடம்பையும் மனசையும்தான். மா நிலத்தைக் கணக்கிடாமல் யாரும் யாரோடும் சம்பந்தம் பேசாத பூமி இது. இங்கே பிறந்த கதைகளை நிலத்தை விட்டுவிட்டுப் படிப்பது விந்தையான பழக்கம். அந்தப் பெண்ணுக்கு வரும்படி எங்கிருந்து வருகிறது, அது நின்றால் அவள் எங்கே போவாள் என்று கேட்டுப் படித்தால் அதே நாவல்கள் வேறு முகம் காட்டுகின்றன.

இப்படிப் படிக்கும் பழக்கம் அமெரிக்கச் செவ்வியல் நாவல்கள் விஷயத்தில் நன்றாகவே வேரூன்றிவிட்டது. ஹாதார்ன் 1850இல் எழுதிய ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலில் ஊரே சேர்ந்து நெஞ்சில் குறி குத்தி ஒதுக்கிவைத்த ஹெஸ்டர், ஊர்க்காரர்களுக்கே பூவேலைத் தையல் செய்துகொடுத்துப் பிழைக்கிறாள். ஊசி இல்லாவிட்டால் அவளுடைய மானம் காற்றில் போயிருக்கும். ஈடித் வார்ட்டனின் ‘தி ஹவுஸ் ஆஃப் மர்த்’ (1905) நாவலில் நியூயார்க் சீமாட்டிகளுக்கு நடுவே பிறந்த லில்லி பார்ட்டுக்கு அழகும் குலமும் உண்டு, பணம் இல்லை. நம்பியிருந்த அத்தை உயிலில் ஒரு சிறு தொகையை மட்டும் அவளுக்கு எழுதிவிட்டு மற்றதை வேறொருத்திக்கு எழுதுகிறாள். கிடைத்த தொகை கடனுக்குப் போகிறது; தூக்க மருந்தில் அவள் கதை முடிகிறது. ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ (1937) பண்ணையில் உள்ள ஒரே பெண்ணுக்குப் பெயரே கிடையாது. கர்லியின் மனைவி, அவ்வளவுதான்.

நெல் விளையும் ஊர்க்காரருக்கு இவற்றையெல்லாம்விட நெருக்கமான நாவல் வில்லா கேதர் எழுதிய ‘ஓ பயனியர்ஸ்!’ (1913). நெப்ராஸ்காவின் வறண்ட மேட்டு நிலத்தில் சாகக் கிடக்கிற குடியானவர், மகன்களை விட்டுவிட்டு மகள் அலெக்ஸாண்ட்ராவிடம் பண்ணைப் பொறுப்பைக் கொடுக்கிறார். கடன் வாங்கி நிலம் சேர்த்து அவள்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறாள். வருஷங்கள் போய், பாகம் பிரித்தான பிறகு, நாற்பது வயதில் அவள் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளக்கூடும் என்று தெரிந்ததும் தம்பிகள் கொதிக்கிறார்கள். குடும்பச் சொத்து பத்திரத்தில் யார் பேரில் இருந்தாலும் ஆண்களுடையதுதான் என்பது அவர்கள் வாதம். நியூயார்க் மாகாணம் 1848இலேயே மணமான பெண்ணின் சொத்துரிமையைச் சட்டமாக்கிவிட்டது. 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் மணமாகாத பெண்ணும் விதவையும் நிலம் கோர வழிவிட்டது. சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் தம்பிகள் அப்படிப் பேச முடிந்தது என்பதைத்தான் கேதர் பதிவு செய்கிறார். மன்னார்குடிப் பக்கத்துத் திண்ணையில் இதே வாதத்தை இதே தொனியில் இன்றும் கேட்கலாம்.

தமிழின் முதல் நாவல் இந்தப் படுகையில்தான் முளைத்தது. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். பெண்மதி மாலை பாடியவர், பெண் கல்விக்காக எழுதியவர். முன்சீப் கோர்ட்டில் நாள்தோறும் பாகப்பிரிவினை வழக்கும் ஜீவனாம்ச வழக்கும் கேட்ட காது அவருடையது. அவருடைய கதாநாயகி ஞானாம்பாள் கணவனைவிடப் புத்திசாலி. நாவலில் இடறி விழுகிற இடமெல்லாம் பிரதாபனுக்கு, தூக்கி நிறுத்துகிற இடமெல்லாம் அவளுக்கு. விக்கிரமபுரி என்ற நாட்டில் அவள் அரசாளவே செய்கிறாள்.

ஆனால் ஆண் வேஷத்தில். ஊருக்கு அவள் பெண் என்று தெரியாத வரைக்கும்தான் சிம்மாசனம். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை அதிகாரத்தில் உட்கார வைக்க வேதநாயகம் பிள்ளைக்கு இதைவிட வேறு உபாயம் தோன்றவில்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம். அதைவிட, ஒரு நீதிபதியின் நேர்மை இது என்று எடுத்துக்கொள்வது பொருத்தம். பெண்ணுக்குத் திறமை இல்லாததால் அதிகாரம் இல்லை என்று அவர் எழுதவில்லை. வேட்டியும் தலைப்பாகையும் இல்லாததால் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

கல்கி பிறந்த புத்தமங்கலமும் மாயவரம் பக்கம்தான். 1938–39இல் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘தியாக பூமி’யைக் கே. சுப்ரமணியம் அப்போதே படமாக எடுத்தார், எஸ்.டி. சுப்புலட்சுமி சாவித்திரியாகவும் பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும் நடித்தார்கள். புகுந்த வீட்டில் வதைபட்டுத் தெருவுக்கு வந்த சாவித்திரி, அத்தையின் சொத்துக்கு வாரிசாகி உமாராணி என்ற சீமாட்டியாகத் திரும்புகிறாள். கைவிட்ட கணவன் இப்போது சேர்ந்து வாழ வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போகிறான். வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன், சேர்ந்து வாழ மாட்டேன் என்கிறாள் அவள். தமிழ்க் கதையில் அதுவரை கேட்காத குரல். தியேட்டரில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை. தேசிய இயக்கக் காட்சிகளுக்காக வெள்ளை அரசு படத்தைத் தடை செய்தது தனிக் கதை.

லில்லி பார்ட்டின் அத்தையையும் சாவித்திரியின் அத்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஓர் அத்தை கையை மூடினாள், பெண் செத்தாள். இன்னொரு அத்தை கையைத் திறந்தாள், பெண் கோர்ட்டில் நிமிர்ந்து பேசினாள். சாவித்திரியின் வீரத்துக்குப் பின்னால் இருந்தது பாங்குக் கணக்கு என்பது கல்கிக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை அவரால் பம்பாயிலிருந்துதான் கொண்டுவர முடிந்தது. சம்பு சாஸ்திரியின் நெடுங்கரை நிலத்திலிருந்து ஒரு குழியும் மகள் கைக்கு வரவில்லை. வந்திருந்தால் வாசகர் நம்பியிருக்க மாட்டார்.

ஏன் நம்ப மாட்டார் என்பதற்குச் சட்டமே சாட்சி. 1937இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. விதவைக்குக் கணவனின் சொத்தில் அவள் உயிரோடு இருக்கும்வரை பங்கு கொடுத்தது. மகளை அது கண்டுகொள்ளவில்லை. விவசாய நிலம் மாகாண சட்டசபைகளின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் மத்திய சட்டம் நிலத்தைத் தொடவும் இல்லை. 1941இல் ஃபெடரல் கோர்ட் இதை உறுதிப்படுத்தியது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டு அந்த உரிமையை விவசாய நிலத்துக்கும் நீட்டியது 1947இல். பட்டணத்தில் மாடி வீடு வைத்திருந்தவனின் விதவைக்குப் பத்து வருஷம் முன்னே கிடைத்தது, வெண்ணாற்றுப் பாசனத்தில் இருபது வேலி வைத்திருந்தவனின் விதவைக்குக் கிடைக்கவில்லை. சொத்து என்றாலே நிலம் என்றிருந்த தஞ்சை ஜில்லாவில் இந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன பயன் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்ணுக்கும் சமச் சொத்து வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு போட்ட தீர்மானத்தை அன்று பலரும் கிண்டல் செய்தார்கள்.

இந்தப் பின்னணியில் கும்பகோணத்துக் கு.ப. ராஜகோபாலனைப் படிக்க வேண்டும். 1902இல் பிறந்து 1944இல் மறைந்தவர். பேர் வாங்கித் தந்தவை சின்னச் சின்னக் கதைகள். ‘விடியுமா?’ கதையில் கணவன் கவலைக்கிடம் என்று தந்தி வந்து ஒரு பெண் தம்பியோடு இரவு ரயிலில் போகிறாள். ரயில் ஓட ஓட அவள் முகத்தில் தெரிவது பயமா, துக்கமா, நிம்மதியா என்று தம்பிக்கே புரியவில்லை. மாங்கல்யம் போய்விடுமோ என்று நடுங்க வேண்டிய இடத்தில் விடுதலையின் சாயலைக் காட்டிய துணிச்சல் அது. ‘கனகாம்பரம்’ கதைக் கணவன் மனைவி நாகரிகமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அவள் அவனுடைய நண்பனிடம் சகஜமாகப் பேசியதும் மனம் புழுங்குகிறான். கு.ப.ரா. பெண்களிடம் பணம் இருப்பதில்லை, பேச்சும் குறைவு. விதவையான பிறகு அந்தப் பெண் யார் வீட்டுச் சோற்றைச் சாப்பிடப்போகிறாள் என்ற கேள்வியைக் கதை கேட்பதில்லை. தம்பி கூட வருகிறான் என்பதிலேயே பதில் இருக்கிறது.

இனி யமுனா. தி. ஜானகிராமன் மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் 1921இல் பிறந்தவர். ‘மோகமுள்’ சுதேசமித்திரனில் தொடராக வந்து 1964இல் நூலானது. பாபு தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவைக் காதலித்துக் காத்திருந்த கதை என்று எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை, ஆனால் அது பாபு பக்கத்துக் கதை. யமுனா பக்கம் நின்று சொன்னால் இது வரும்படி நின்றுபோன ஒரு வீட்டின் கதை. அப்பா தஞ்சை நிலச்சுவான்தார் பிராமணர். அம்மா பார்வதி பாய் அவர் இரண்டாவதாகக் கொண்ட மராட்டியப் பெண். அம்மாவின் பிறப்பைச் சொல்லியே வரன்கள் தட்டிப்போகின்றன. அப்பா கண்ணை மூடியதும் சொத்து மூத்தாள் மகன் கைக்குப் போகிறது. கும்பகோணம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது முதலில் குறைகிறது, பிறகு நிற்கிறது. பாத்திரம் பண்டம் போகிறது. பசி வருகிறது. கடைசியில் யமுனா உடம்பு இளைத்துச் சென்னையில் பாபு முன்னால் வந்து நிற்கிறாள்.

நாவலின் உச்சமான முடிவு எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருஷம் மறுத்தவள் இசைகிறாள். இந்த இசைவைத் தியாகம் என்றார்கள், கருணை என்றார்கள், காதலின் வெற்றி என்றும் சொன்னார்கள். அதற்கு முந்திய பக்கங்களில் அவள் எத்தனை வேளை பட்டினி கிடந்தாள் என்பதை ஜானகிராமன் எழுதியிருக்கிறார். படித்தவர்கள்தான் தாண்டிப் போனார்கள். அப்பாவின் நிலத்தில் அரை வேலி அவள் பேரில் இருந்திருந்தால் அவள் சென்னைக்கு வந்திருப்பாளா? வந்திருந்தாலும் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பாளா? ஜானகிராமன் இதைக் கேள்வியாக எழுப்பவில்லை. ஆனால் விடை தேடத் தேவையான கணக்கு முழுவதையும் நாவலுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெரிய கலைஞன் தன் அனுதாபத்தையும் மீறி உண்மையை எழுதிவிடுவான் என்பதற்கு இது ஓர் உதாரணம். அதே நாவலில் கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட தங்கம்மா ஓர் இரவு பாபுவிடம் வருகிறாள், பிறகு உயிரை மாய்த்துக்கொள்கிறாள். யமுனாவுக்காவது நூற்றுக்கணக்கான பக்கம் கிடைத்தது. தங்கம்மாவுக்குப் பாபுவின் குற்றவுணர்ச்சி மட்டும்தான் மிச்சம்.

‘அம்மா வந்தாள்’ 1966இல் வந்தது. அலங்காரத்தம்மாள் கணவன் இருக்கும்போதே சிவசுவோடு உறவு வைத்திருக்கிறாள். பாவத்துக்குப் பிராயச்சித்தமாக மகன் அப்புவைக் காவிரிக்கரை வேதபாடசாலைக்கு அனுப்புகிறாள். கடைசியில் காசிக்குப் புறப்படுகிறாள். ஒழுக்கத்தைப் பற்றிய சண்டையில் யாரும் கவனிக்காமல் விட்டது பவானியம்மாளை. அவளும் விதவைதான். ஆனால் பாடசாலை அவளுடையது, வைத்து நடத்துகிறவள் அவள். அத்தனை வேதம் படித்தவர்களும் அவள் போடுகிற சோற்றைச் சாப்பிட்டுத்தான் வேதம் சொல்கிறார்கள். அவள் நிமிர்ந்து நடக்கிறாள், அவள் சொல் செல்கிறது. அவள் வளர்த்த இந்துவும் விதவை. அத்தையின் நிழலில் நிற்பதால்தான் அவளால் அப்புவிடம் மனத்தைத் திறந்து சொல்ல முடிகிறது. அலங்காரத்தம்மாளுக்குச் சொந்தமாக இருப்பது மிடுக்கு மட்டும். கணவனின் சம்பாத்தியம், சிவசுவின் செல்வம் என்று இரண்டு ஆண்களின் வரும்படிக்கு நடுவே அவள் வீடு நடக்கிறது. ஒரே நாவலில் மூன்று பெண்கள். யார் எவ்வளவு சுதந்திரமாக மூச்சு விடுகிறார்கள் என்பது யார் பேரில் என்ன இருக்கிறது என்பதோடு துல்லியமாக ஒத்துப்போகிறது. கல்யாணமே வேண்டாம் என்று சொன்ன ‘மரப்பசு’ அம்மணி இவர்களைவிடத் துணிந்தவள்போலத் தெரிவாள். ஆனால் அந்தத் துணிச்சலுக்குப் பின்னாலும் பாடகர் கோபாலியின் ஆதரவு இருக்கிறது.

இதுவரை பேசியதெல்லாம் அக்கிரகாரமும் அதை ஒட்டிய வீதிகளும். வயலில் இறங்கிய பெண்கள் எங்கே?

நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு எல்லாம் பெண்களின் கைவேலை. அந்தக் கைகள் இல்லாமல் படுகையில் ஒரு மரக்கால் நெல்லும் விளையாது. ஆணைவிடக் குறைந்த கூலி என்பது இதற்கான நெடுநாள் பரிசு. இந்தப் பெண்கள் பெரும்பாலும் தலித் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். 1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டு விருந்தில் மற்றவர்களோடு பந்தியில் உட்கார்ந்த தலித்துகளைப் பிடித்து அடித்து மொட்டையடித்தார்கள். ‘விடுதலை’ ஏடு அதை வெளிக்கொண்டுவந்தது, ஆ. திருநீலகண்டன் இதை ஆராய்ந்து தனி நூலே எழுதியிருக்கிறார். இதே படுகையில் பிறந்த எழுத்தாளர்களின் கதைகளில் அந்தப் பந்தியும் வரவில்லை, அந்தப் பண்ணையாள் குடிசைகளும் வரவில்லை. நடவுப் பெண்கள் வருவதுண்டு, தூரத்தில், பச்சைக்கு நடுவே குனிந்த முதுகுகளாக.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) இந்தக் குறையைத் தீர்க்க வந்த நாவல். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வும் செங்கொடியும்தான் காரணம். நாவலுக்கு 1977இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆனால் நிலவுடைமையாளரின் கொடுமைக்கு வேரை அவருடைய ஆண்மைக் குறைவில் தேடியதற்காக அது அன்றே கண்டிக்கப்பட்டது. கண்டனம் நியாயமானது. எரிந்தவர்கள் பெண்கள், கேட்டது நெல். நாவலின் மையத்துக்கு வந்ததோ ஓர் ஆணின் படுக்கையறைத் தோல்வி. சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ இருபது வருஷத்துக்கு மேல் கழித்து அந்த நிகழ்ச்சியைக் குடிசைப் பக்கத்திலிருந்து சொன்னது.

பணக் கணக்கை மூடிமறைக்காமல் எழுதியவர் என்றால் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைச் சொல்ல வேண்டும். 1883இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே மாயவரத்தை அடுத்த மூவலூரில் தாசிக் குடும்பம் ஒன்றில் ஒப்படைக்கப்பட்டவர். அதிலிருந்து வெளியே வந்து, முதலில் காங்கிரஸிலும் பிறகு சுயமரியாதை இயக்கத்திலும் உழைத்தவர். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து, சிறையும் சென்றார். அவருடைய ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ 1936இல் வெளியானது. காந்தா, கானவதி என்ற இரு சகோதரிகள் ஒரு மைனரின் சொத்தை எப்படிக் கரைக்கிறார்கள், அவன் மனைவி ஞானசுந்தரி அவனை எப்படி மீட்கிறாள் என்பது கதை. இலக்கிய நயம் தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள். பிரசங்கம் ஏராளம், சம்பவங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஆனால் எந்த நகை எந்தப் பொய்க்குக் கைமாறியது, எந்த வீடு எந்த இரவுக்கு அடமானம் போனது என்று வரி வரியாகச் சொல்லத் தெரிந்த கை அது. காதல் என்று மைனர் நினைத்துக்கொண்டதை வியாபாரம் என்று விலைப்பட்டியலோடு காட்டுகிறார். ஜானகிராமனின் நடையழகில் ஒரு துளியும் இங்கே இல்லை; ஜானகிராமன் கதைக்குள் பொதிந்துவைத்த கணக்கு புத்தகமாகவே விரிந்து கிடக்கிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்து இந்துப் பெண்களில் சொத்தைத் தாயிடமிருந்து மகள் பெற்று, தன் பேரில் வைத்து ஆண்ட மிகச் சிலரில் தேவதாசிகளும் இருந்தார்கள். ஒழிப்பு இயக்கம் வளர்ந்தபோது நாகரத்தினம்மாள் போன்றவர்கள் எதிர்த்து மனுக் கொடுத்ததற்கு இதுவும் காரணம். ஒழிப்புக்காக உழைத்த முத்துலட்சுமி ரெட்டி இதை உணர்ந்திருந்தார். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. அதற்கு முன்பே, 1929இல் அவர் கொண்டுவந்த திருத்தம் கோயில் ஊழியக் கட்டாயத்திலிருந்து இனாம் நிலங்களை விடுவித்து, அனுபவித்து வந்த பெண்களுக்கே உரிமையாக்கியது. ஊழியத்தை விடு, நிலத்தை வைத்துக்கொள் என்ற அந்த ஏற்பாடு, படுகையின் பெண்ணுரிமை வரலாற்றில் கிடைக்க வேண்டிய கவனத்தைப் பெறவில்லை.

மணலூர் மணியம்மையை ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்திருந்தால் மிகை என்று தள்ளியிருப்பார்கள். இளம் வயதில் விதவையான பிராமணப் பெண். தலைமுடியைக் கிராப்பாக வெட்டி, வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, சிலம்பம் கற்று, பண்ணையாட்களுக்காக மிராசுதார்களோடு மோதினார். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த நாட்களில் அவர் சேரிகளுக்குள் போய்ச் சங்கம் வைத்தார். ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டது ஊரை ஏமாற்ற. மணியம்மை வேட்டி கட்டியது எல்லோருக்கும் தெரிந்தே. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஒரு மான் முட்டி அவர் உயிர் போனது. தற்செயல்தானா என்ற சந்தேகம் தோழர்களிடம் கடைசிவரை தீரவில்லை.

அவரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ (1991) எழுதினார். ஒரு நாவலுக்காக ஊர் ஊராகப் போய், மக்களோடு தங்கி, கேட்டு எழுதுகிறவர் அவர். கீழத்தஞ்சைக்கு அவர் வந்தது முதல் முறையும் அல்ல. ‘சேற்றில் மனிதர்கள்’ நாவலில் வயல் வேலைக்காரர்களின் நாளை, கூலியை, பேச்சை எழுதியிருந்தார். அதில் நடவுப் பெண் பச்சைக்கு நடுவே தெரியும் முதுகாக நின்றுவிடவில்லை. முகம் இருக்கிறது, கூலிக் கணக்கு தெரிகிறது, கோபம் வருகிறது. சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்த எழுத்தாளர் கணவர் மறைந்த பிறகு கைப்பொருள் இழந்து, முதியோர் இல்லத்தில் தங்க நேர்ந்தது. அவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு அவர் உயிரோடு இருக்கும்போதே நாட்டுடைமையாக்கிப் பணம் கொடுத்தது. 2014இல் காலமானார்.

கீழ்வெண்மணிக்குப் பிறகு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் கீழத்தஞ்சைக்கு வந்தார். காந்தியவாதிகளான அவரும் கணவர் ஜெகந்நாதனும் அமைத்த லாஃப்டி இயக்கம் நிலவுடைமையாளரிடம் பேரம் பேசி, பாங்குக் கடன் ஏற்பாடு செய்து, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கைமாற்றியது. பத்திரத்தில் பெண்ணின் பேரைப் போட வேண்டும் என்பதில் கிருஷ்ணம்மாள் பிடிவாதமாக இருந்தார். ஆண் பேரில் எழுதினால் அடகுக் கடைக்கும் சாராயக் கடைக்கும் வழி சுருக்கம் என்பது அவர் கண்டறிந்த அனுபவம். 2008இல் இதற்காக அவருக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது வழங்கப்பட்டது. கும்பகோணத்துத் தெருக்களைப் பற்றி நூறு கதை இருக்க, தன் பேரில் பட்டா வாங்கிக்கொண்டு வரப்பில் நடந்த முதல் தலைமுறைப் பெண்களைப் படுகையின் புனைகதை இன்னும் ஓரக்கண்ணால்தான் பார்க்கிறது.

சட்டத்தில் இப்போது குறையில்லை. 1956இல் மகளுக்கும் வாரிசுரிமை வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் செய்தது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. இராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குக் கொடுத்த உதவியை 2022இலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாற்றியிருக்கிறார்கள். அம்மையார் இருந்திருந்தால் இந்த மாற்றத்தைத்தான் விரும்பியிருப்பார். அதே சமயம், டெல்டாவின் சார்பதிவாளர் அலுவலகங்களில் விடுதலைப் பத்திரத்தில் அக்கா தங்கைகள் கையெழுத்துப் போடுவதும் குறையவில்லை. அண்ணன் தம்பியோடு உறவு முறியக் கூடாது, பிள்ளைக்குக் காதுகுத்த நாளைக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், சீர் வரிசை நிற்கக் கூடாது என்று தங்கள் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு, மத்தியான பஸ்ஸைப் பிடித்துப் புகுந்த ஊருக்குத் திரும்புகிறார்கள். நெப்ராஸ்காத் தம்பிகள் சண்டை போட்டுக் கேட்டதை இங்கே பாசத்தோடு வாங்கிக்கொள்கிறார்கள். இந்தக் கையெழுத்தைப் பற்றி ஒரு நல்ல நாவல் வர வேண்டியிருக்கிறது. அதை எழுதுகிறவர் கையெழுத்துப் போட்ட பெண்ணாகவே இருந்தால், யமுனாவின் பசியை அறுபது வருஷமாகத் தாண்டிப் போன வாசகருக்கும் அந்தப் பக்கங்களில் நிற்க வேண்டிவரும்.